எண்ணெய் குடிக்காத கல்

"இந்தச் சர்ச்சு கட்டினவங்க எல்லாம் எங்க போனாங்க, மாமா?"

பல வருஷங்களுக்கு முன் பள்ளிச் சுற்றுலாவில் வந்த ஒரு சிறுமி, ஓசூர்ப் பக்கத்து டன்மோர் பல்கலைக்கழகத்தின் தேவாலயத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த கங்கப்பனிடம் இப்படிக் கேட்டாள். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தூக்கிக் கிழக்கு ஜன்னல் வழியே வெளியே காட்டினார். அங்கே முப்பத்திரண்டு ஓட்டு வீடுகள் இருந்தன. ஒரு வாசலில் ஒருத்தி ராகி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கயும் போவல பாப்பா. அதோ இருக்காங்க. நானும் அதுல ஒருத்தன்தான்."

இதைச் சொல்லி முடித்த கெம்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கணவர் கங்கப்பன் கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தார். இன்றோடு ஐந்து நாள். மணிக்கூண்டுப் படியில் கால் வழுக்கி விழுந்தார் என்று பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்திருந்தது.

"முப்பது வருஷமா தினம் ரெண்டு தடவை ஏறின படிம்மா. அவரு கண்ணை மூடிட்டே ஏறுவாரு. அவருக்கா வழுக்கும்?"

துப்பறிவாளர் வினிதா தேவாலயத்தைச் சுற்றிப் பார்த்தாள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பதினைந்து வருஷம் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடித்தவள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து குடியேறியவள். எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் ஒரு கணம் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். அவளுடைய உதவியாளன் முனிராஜ் மத்திகிரிக்காரன். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் வாயாடுவான்.

பிற்பகல் இரண்டு மணிதான். ஆனால் வெளியே கருமேகம் இறங்கியிருந்ததால் உள்ளே அந்திபோல் இருட்டியிருந்தது. மணிக்கூண்டின் கயிறு காற்றில்லாமலே மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

குதிரை வைத்தியரான டன்மோர் துரை நூற்றுப் பதினைந்து வருஷங்களுக்கு முன் இங்கே ஒரு கால்நடைப் பள்ளியைத் தொடங்கினார். அது கல்லூரியாகி, பின்பு பல்கலைக்கழகமானது. சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. தேவாலயம் மட்டும் அப்படியே நின்றது. துரை காகிதத்தில் வரைந்து கொடுத்தது கூர்மையான சீமை வளைவுகளை. சூளகிரிப் பக்கத்துக் கல்வேலைக்காரர்கள் அவற்றை அப்படியே கட்டினார்கள். ஆனால் தூண்களின் தலையில் மட்டும், கை பழகிய பழக்கத்தில், கோயிலில் செதுக்குவதுபோல் வாழைப்பூவைச் செதுக்கிவிட்டார்கள். துரை பார்த்துச் சிரித்துவிட்டு அப்படியே இருக்கட்டும் என்றாராம். ஞானஸ்நானத் தொட்டி ஒரு காலத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிய கல்தொட்டி.

"கடவுளும் குதிரையும் ஒரே தொட்டியில" என்றான் முனிராஜ். "துரைக்குச் சிக்கனம் ஜாஸ்தி மேடம்."

"கல்லைப் பாருப்பா."

தொட்டிக்குப் பின்னால், கிழக்குச் சுவரில், கால்கோள் கல் இருந்தது. வழக்கே அந்தக் கல்லைப் பற்றியதுதான். முப்பத்திரண்டு வீடுகளையும் காலி செய்யச் சொல்லி பல்கலைக்கழகத்தை நடத்தும் அறக்கட்டளை நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. அந்த நிலத்தில் சரக்குக் கிடங்கு வரப்போகிறது. குடியிருப்பவர்களிடம் பத்திரம் கிடையாது. பழைய ஆவணங்களைக் கரையான் தின்றுவிட்டது. கால்கோள் கல்லில் துரை தங்களுக்கு நிலத்தை எழுதி வைத்திருக்கிறார் என்பது வீடுகளில் வழிவழியாக வந்த பேச்சு. ஆனால் எண்பது வருஷமாக அதன்மேல் சுண்ணாம்பு அடித்து அடித்து, எழுத்தைக் கண்டவர் யாருமில்லை.

பன்னிரண்டு நாளுக்கு முன் பழுதுபார்ப்பு என்று திரை கட்டி, ஒரு வாரம் யாரையும் உள்ளே விடவில்லை. திரை விலகியபோது எழுத்து பளிச்சென்று தெரிந்தது. 'இந்த ஆலயமும் இதைச் சுற்றியுள்ள நிலம் முழுதும் டன்மோர் அறக்கட்டளைக்கே உரியன. 1909.'

"அன்னைக்கே அவரு செக்ரட்டரி ஐயாகிட்டப் போயி, 'இது நம்ம கல்லு இல்லீங்க'ன்னு சொன்னாரு" என்றாள் கெம்பம்மா. "சாயங்காலம் விழுந்துட்டாரு."

நாளைக் காலை பத்து மணிக்கு நீதிமன்றம் அனுப்பும் வக்கீல் கமிஷனர் வந்து கல்லைப் பார்த்து அறிக்கை எழுதுவார். அதன்பின் வீடுகள் இடிபடும்.

வினிதா கல்லின் முன் மண்டியிட்டாள். அதன் அடிப்பாகம் சுவரை விட்டு நான்கு விரல் அகலத்துக்கு வெளியே நீண்டு ஒரு மாடம்போல் இருந்தது.

"இங்க ஏதாவது வைப்பாரா?"

"விளக்கு வைப்பாரும்மா. நாங்க சர்ச்சுக்காரங்க இல்ல. ஆனா தாத்தன் வெச்ச கல்லாச்சேன்னு தினம் சாயங்காலம் ஒரு எண்ணெய் விளக்கு. பாதிரியாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

"எத்தனை வருஷமா?"

"அவரு வந்த நாள்லேர்ந்து. முப்பது வருஷம்."

வினிதா தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மாடத்துக்குக் கீழே இருந்த சுவர்க்கல்லில் நாலு சொட்டு விட்டாள். சொட்டுகள் முத்துமுத்தாக உருண்டு ஓடின. பிறகு மாடத்தின் மேலேயே நாலு சொட்டு விட்டாள். அவை உருளவில்லை. பரவி, கல்லைக் கறுக்க வைத்து, அங்கேயே ஊறிப்போயின.

முனிராஜ் வாயைப் பிளந்தான். "முப்பது வருஷம் எண்ணெய் சிந்தின இடத்துல தண்ணி ஒட்டுது. கீழ வழிஞ்ச இடத்துல ஒட்டல. அப்போ கீழ இருக்கிறது பழைய கல்லு, மேல இருக்கிறது..."

"எண்ணெயே குடிக்காத கல்லு."

வினிதா மாடத்தின் அடியில் கையை விட்டுத் தடவினாள். அவள் முகம் மாறியது. முனிராஜ் போன் விளக்கைப் போட்டுக் குனிந்து எட்டிப் பார்த்தான். அடிப்பக்கத்தில், மூங்கிலை நெடுக்காகப் பிளந்து பதித்ததுபோல், வழவழப்பான அரைவட்டக் குழிகள் வரிசையாக ஓடின.

"இது டிரில்லிங் மிஷின் தடம் மேடம். எங்க ஊரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தக் காலத்துல உளியால சின்னச் சின்னக் குழி வெட்டி, இரும்பு ஆப்பு வெச்சு அடிச்சுத்தான் பொளப்பாங்க. ஓரம் பல்லு வரிசை மாதிரி இருக்கும். வெளியே படிக்கட்டுக் கல்லெல்லாம் அப்படித்தான் இருக்கு. 1909-ல டிரில்லிங் மிஷினைத் துரை குதிரை மேல ஏத்திட்டு வந்தாரா?"

"உயரமான வாசலைக் கவனிச்சீங்களா?"

பின்னாலிருந்து குரல் வந்தது. மூவரும் திரும்பினார்கள். வெள்ளைச் சட்டையில், புன்னகையோடு, அறக்கட்டளைச் செயலாளர் கமலக்கண்ணன் நின்றிருந்தார். குருபரப்பள்ளியில் கிரானைட் பட்டறை வைத்து வெளிநாட்டுக்குக் கல் அனுப்புகிறவர்.

"துரை குதிரையில உட்கார்ந்தபடியே உள்ள வருவாராம். அதுக்காகவே அவ்வளவு உயரம்."

"அகலம் பத்தாதுங்க சார்" என்றான் முனிராஜ். "இல்லேன்னா நீங்க காரோடவே வந்திருக்கலாம்."

கமலக்கண்ணன் சிரித்தார். கண் சிரிக்கவில்லை. "நாளைக்கு கமிஷனர் பார்த்துட்டுப் போயிடுவாரு. அப்புறம் இங்க லாரி வரும். லாரி வர்ற வழியில மனுஷங்க நிக்கிறது நல்லதில்ல மேடம்." பிறகு கெம்பம்மாவிடம் கனிவாகத் திரும்பினார். "ஆஸ்பத்திரியில கங்கப்பன்கூட இப்ப யாரும்மா இருக்காங்க? தனியாவா விட்டுட்டு வந்தே?"

தேவாலயத்துக்குள் சட்டென்று குளிர்ந்தது. அவர் போய் வெகுநேரம் அவருடைய காலணிச் சத்தம் வளைவுகளுக்குள் ஒலித்துக்கொண்டிருந்தது.

வினிதா கெம்பம்மாவை ஆட்டோவில் ஏற்றினாள். "வார்டை விட்டு நகராதீங்கக்கா. பக்கத்துக் கட்டில்காரங்ககிட்டயும் சொல்லி வைங்க. சாமி துணை இருப்பார்." ஆட்டோ மறையும்வரை நின்றுவிட்டு முனிராஜிடம் திரும்பினாள். "அந்த எழுத்தை யார் வெட்டியிருப்பா?"

"மிஷின் எழுத்து இல்ல. கை எழுத்து. இந்தப் பக்கத்துல இப்பக் கையால எழுத்து வெட்டுறவரு ஒருத்தர்தான் மேடம். ஒத்தைக் கண்ணு சென்னப்பன். வேலை செய்யுறது நம்ம வெள்ளைச் சட்டைக்காரரு பட்டறையிலதான்."

பட்டறையை நோக்கிப் போன முனிராஜின் வண்டி சூளகிரியைத் தாண்டியதும் வினிதா சொன்னாள். "திரும்பாதே. பின்னாடி ஒரு பைக். ரெண்டு பேர். ஓசூர்லேர்ந்தே வர்றாங்க."

"தெரியும். சிவப்பு ஹெல்மெட்டு. நான் ஸ்லோ பண்ணா அவனும் பண்றான். என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு அக்கறையா பார்த்துக்கிட்டதில்ல."

முனிராஜ் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தினான். பைக்கும் நூறடி தள்ளி நின்றது. அவன் நேராகக் கடைக்காரரிடம் போய், "அண்ணா, அதோ நிக்கிறாங்களே, ரெண்டு பேரு, நம்ம ஆளுங்க. நல்லா சூடா ரெண்டு டீ கொண்டுபோய்க் கையில குடுங்க. கூட ரெண்டு ரெண்டு பஜ்ஜி" என்றான்.

இரண்டு கைகளிலும் கொதிக்கும் கண்ணாடி டம்ளரும் பஜ்ஜித் தாளுமாக அந்த இருவரும் திகைத்து நின்ற நேரத்தில், முனிராஜின் வண்டி லாரிகளுக்கு நடுவே புகுந்து மறைந்தது.

"பசியா இருந்திருப்பாங்கப்பா" என்றாள் வினிதா. "நல்ல காரியம்தான்."

"நல்ல காரியம் நூறு ரூபா மேடம். கம்பெனிச் செலவு."

கமலக்கண்ணனின் பட்டறை வெளுத்த சேற்றில் மிதந்தது. ராட்சத ரம்பங்கள் கல்லை அறுக்கும் ஓலம் காதைக் கிழித்தது. தகரக் கூரைமேல் முதல் தூறல் விழுந்தது. கடைசிக் கொட்டகையில், கறுப்புக் கல் ஒன்றின்மேல் குனிந்து, சென்னப்பன் உளியடித்துக்கொண்டிருந்தார். இடது கண் மூடிக் கிடந்தது.

"மாமியாருக்கு ஒரு ஞாபகக் கல்லு வேணுங்கண்ணா" என்று முனிராஜ் ஆரம்பித்தான்.

"எப்ப தவறிட்டாங்க?"

"இன்னும் இல்லீங்க. முன்கூட்டியே சொல்லி வெச்சிடலாம்னு."

சென்னப்பன் சிரிக்கவில்லை. அவர் பார்வை வினிதாவின் முகத்தில் நின்றது. வினிதா அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நான் சர்ச்சுலேர்ந்து வர்றேன். கல்லோட அடியில கை விட்டுப் பார்த்தேன்."

உளி நின்றது.

"முகத்தை அவ்வளவு அழகா கொத்தியிருக்கீங்க. டீத்தூள் சாயம், புகை எல்லாம் ஏத்திப் பழசாக்கியிருக்கீங்க. ஆனா அடியில டிரில் தடம் அப்படியே இருக்கு. இந்தப் பட்டறையில தினம் அதையே பார்க்கிறதால முதலாளி கண்ணுக்கு அது தப்பாவே தெரியல. கல்லுன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிட்டார். உங்க கண்ணுக்குமா தெரியாம போச்சு? பத்து நிமிஷம் உளி போட்டிருந்தா போயிருக்குமே. ஏன் தப்பு பண்ணீங்க?"

மழை வலுத்தது. சென்னப்பன் உளியைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"தப்பு இல்லீங்கம்மா" என்றார் மெதுவாக. "விட்டு வெச்சது."

முனிராஜும் அவர் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"முடியாதுன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. வீடும் இவரு குடுத்ததுதான், சோறும் இவரு போடறதுதான். ஆனா என்னைக்காவது கல்லு தெரிஞ்ச ஒருத்தர் அடியில கை விடுவாருன்னு நெனச்சேன். அதனாலதான் அந்தத் தடத்தை மட்டும் தொடல."

"பழைய கல்லு?"

"ஜல்லி மிஷின்ல போட்டு நொறுக்கச் சொன்னாரு."

வினிதா எழுந்துவிட்டாள். "நொறுக்கிட்டீங்களா?"

சென்னப்பன் எழுந்து கொட்டகைக்குப் பின்னால் நடந்தார். தண்ணீர்க் குழாயடியில் தொழிலாளிகள் கால் கழுவும் இடத்தில் ஒரு பெரிய கல் கிடந்தது. மேலே தெரிந்த பின்பக்கம் பலகைபோல் தட்டை. அதன் ஓரங்களில் பல்வரிசை போன்ற உளிக்குழிகள்.

"முகம் கீழ இருக்கு. வேற ஒரு கல்லை மிஷின்ல போட்டேன். முதலாளி தினம் இந்தப் பக்கம் நடந்து போவாரு. இதுமேல நின்னு ஒருநாள் செருப்பும் கழுவினாரு."

கடப்பாரை வைத்து, நாலு தொழிலாளிகள் சேர்ந்து கல்லைப் புரட்டினார்கள். மழை அதன் முகத்துச் சேற்றைக் கழுவியது. மேல்வரிசையில் ஆங்கிலம். அதன்கீழ் தமிழ்.

'இந்த ஆலயத்தைக் கட்டிய கைகளின் பிள்ளைகள் இதன் கிழக்கே குடியிருப்பார்கள். அவர்களை இங்கிருந்து எழுப்ப நினைக்கிறவன் முதலில் இந்தக் கல்லை எழுப்பட்டும்.'

அதன்கீழ் முப்பத்திரண்டு பெயர்கள். முதல் பெயர் தொட்டமுனியப்பன். கங்கப்பனின் தாத்தா.

"சொன்னபடியே எழுப்பிட்டாரே மனுஷன்" என்றான் முனிராஜ். ஆனால் அவன் குரலில் சிரிப்பு இல்லை. போனில் படம் எடுத்தபடி இருந்தான்.

"கங்கப்பன் அண்ணனுக்குத்தான் நான் துரோகம் பண்ணிட்டேன்" என்றார் சென்னப்பன். "இருபது வருஷம் முன்ன, சர்ச் மதில் வேலையில கல் செதில் ரெண்டு கண்ணுலயும் பாஞ்சிடுச்சு. எனக்கு நாதி கிடையாது. அவரு சைக்கிள்ல உட்கார வெச்சு ஓசூர் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிட்டுப் போனாரு. சொந்தக்காரன்னு கையெழுத்துப் போட்டாரு. ரெண்டு கண்ணையும் கட்டி ஒன்பது நாளு. பயந்து செத்துட்டிருந்தேன். தினமும் வந்து ஜன்னல்கிட்ட உட்கார்ந்து, வெளிய இன்னா நடக்குதுன்னு ஒண்ணுவிடாம சொல்லுவாரு. அந்தப் பேச்சுலதான் உசுரு புடிச்சுக் கெடந்தேன். அவரு விழுந்த அன்னைக்கு ராத்திரி முதலாளியோட டிரைவர் இங்க வந்து, 'சர்ச்சுக்காரன் இனிமே பேச மாட்டான்'னு சொல்லிச் சிரிச்சான். மறுநாளே நான் வாயைத் திறந்திருக்கணும். அஞ்சு நாளு பயந்துட்டேன்."

"இன்னைக்குத் திறந்தீங்களே அண்ணே. டிரைவர் சொன்னதை ஸ்டேஷன்ல சொல்லுவீங்களா?"

பதில் வருமுன் வாசலில் கார்க்கதவு அறையும் சத்தம் கேட்டது. ரம்பங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த ஓலத்தை விட இந்த அமைதி பயங்கரமாக இருந்தது. குடை பிடித்த டிரைவரோடு கமலக்கண்ணன் சேற்றில் நடந்து வந்தார். புரட்டிப் போட்ட கல்லைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சென்னப்பா" என்றார் தாழ்ந்த குரலில். "உனக்கு ஒரு கண்ணாவது மிச்சம் இருக்கேன்னு சந்தோஷமா இருந்தியே."

டிரைவர் குடையை மடக்கிவிட்டுச் சம்மட்டி ஒன்றைக் கையில் எடுத்தான். வினிதா கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். அவள் உதடு ஏதோ ஜெபத்தை முணுமுணுத்தது.

"உடைங்க சார், தாராளமா உடைங்க" என்றான் முனிராஜ். போனைத் தூக்கிக் காட்டினான். "முப்பத்திரண்டு வீட்டு வாட்ஸ்அப் குரூப்புல நூத்து நாப்பது பேரு. காலையிலதான் என்னைச் சேர்த்தாங்க. கல்லு இப்ப நூத்து நாப்பது போன்ல இருக்கு. நூத்து நாப்பதையும் உடைக்கணும். வக்கீல் கமிஷனர் போனையும் சேர்த்தா நூத்து நாப்பத்தொண்ணு. அவரு போலீஸோட கிளம்பிட்டாரு."

அப்போது சென்னப்பன் நடந்து வந்து, ஈரக் கல்லின்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கல்லைப் புரட்டிய நாலு பேரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு மற்ற கொட்டகைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அதில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. விஷயம் இன்னதென்று முனிராஜ் கன்னடத்தில் ஒரு தரமும் தெலுங்கில் ஒரு தரமும் சொன்னான். அவர்களும் மழையில் உட்கார்ந்தார்கள்.

டிரைவரின் கையிலிருந்த சம்மட்டி தானாகவே இறங்கியது.

போலீஸ் ஜீப் வர நாற்பது நிமிஷம் ஆனது. வினிதாவின் வாழ்க்கையில் அவ்வளவு நீண்ட நாற்பது நிமிஷம் வேறில்லை. சென்னப்பன் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்திட்டார். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்த கால்மணி நேரத்தில், கங்கப்பனைத் தள்ளியது தான்தான் என்றும் தள்ளச் சொன்னது யார் என்றும் டிரைவர் கக்கிவிட்டான். மறுநாள் பத்து மணிக்குக் கமிஷனர் இரண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அறிக்கை எழுதினார். வீடுகளை இடிக்க நீதிமன்றம் தடை போட்டது.

"வாங்க மேடம், சென்னப்பன் அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போவலாம்" என்றான் முனிராஜ்.

"வரமாட்டேன்னுட்டார். கெம்பம்மா முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லையாம். விடு. அவரைக் கட்டாயப்படுத்தாதே."

அவர்கள் இருவருக்கும் அதற்குமேல் எதுவும் தெரியாது.

கெம்பம்மா தினமும் மூன்று மணிக்கு, துணி துவைக்கவும் ஒரு வாய் சாப்பிடவும், அரைமணி நேரம் கீழே போவாள். அந்த அரைமணியில் ஒரு ஒத்தைக் கண் மனிதர் வார்டுக்குள் நுழைந்து, நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டு, வெளியே பார்த்தபடி உட்காருவார். பக்கத்துக் கட்டில்காரர் அந்த நேரம் உறக்கத்தில் இருப்பார்.

"அண்ணா, மாங்கா லாரி ஒண்ணு நிக்குது. தார்ப்பாய் கிழிஞ்சிருக்கு. ஒரு பொம்பளை அதுக்குக் கீழ நாய்க்குச் சோறு வெக்கிறா. காவேரிப்பட்டணம் பஸ் வந்துடுச்சு. கண்டக்டரு சில்லறைக்குச் சண்டை போடறான். வானம் இன்னைக்கு வெளுத்திருக்கு."

ஒரு நாள் கல் மறுபடி சுவருக்குள் போன சேதியைச் சொன்னார். மறுநாள் ஒரு கல்யாண ஊர்வலம் போனதைச் சொன்னார். தாழ்ந்த குரலில், ஒன்றையும் விடாமல், கட்டிலைத் திரும்பிப் பாராமல் சொன்னார். கெம்பம்மாவின் காலடி கேட்குமுன் எழுந்து பின்படி வழியாக இறங்கிவிடுவார்.

இப்படி ஒன்பது நாள்.

ஒன்பதாம் நாள் கெம்பம்மா மேலே வந்தபோது கங்கப்பனின் தலை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்து, வெளியே எதையோ தேடிக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த ஈரத்துணி நழுவி விழுந்தது.

"யாரும்மா இவரைத் திருப்பிப் படுக்க வெச்சது?" என்று நர்ஸிடம் ஓடிப்போய்க் கேட்டாள்.

"இங்க யாருமே வரலையேம்மா" என்றாள் நர்ஸ்.